கறையான் நின்றது துளை போட்ட பிறகுதான்

கதவு நிலையில் மண்கோடு ஏறினால் மேலால் மருந்தடிப்பது வீண், கூடு நிலத்துக்குள்ளே. கிளிநொச்சி வீட்டில் மண்ணெண்ணெய் பூசியும் பக்கத்துச் சுவரால் ஏறியது. பிறகுதான் தகப்பனும் மகனுமாய்க் கறையான் ஒழிக்கும் தொழில் செய்யும் உள்ளூர் ஆட்களைப் பிடித்தோம். சுவரும் நிலமும் சேரும் இடத்தில் 30 சென்ரிமீற்றருக்கு ஒரு துளை, அகலம் 12 மில்லிமீற்றர், துளைக்கு ஒரு லீற்றர் மருந்துக் கலவை. ஊறியபின் சீமெந்தால் அடைப்பு.

மருந்துப் போத்தலை சீல் உடைக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள். லேபிளில் உள்ள அளவுப்படி கண்முன்னே கலக்கட்டும். தண்ணியைக் கூட்டிவிடுவதுதான் வழமையான சுத்துமாத்து. கிணற்றடிப் பக்கம் ஊற்றவே விடாதீர்கள், குடிப்பதும் அதே தண்ணிதானே. மாரிக்கு முன் செய்வது நல்லது. நனைந்து ஊறிய மண் கலவையை உறிஞ்சாது. சுவரோடு அடுக்கிய விறகையும் எடுத்துவிடுங்கள், அதற்கடியால்தான் திரும்ப வரும்.