மணல் நிலத்தில் ஹீட்டர் பூட்டப் போகிறீர்களா? எர்த்தில் இருந்து தொடங்குங்கள்

மார்கழி மழையில் மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் விடியக்காலைத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். திருவெம்பாவைக்குப் போக அம்மா நான்கு மணிக்கே தலை முழுகுவார். அவருக்காகத்தான் 15 லீற்றர் ஹீட்டர் ஒன்று வாங்கிப் பூட்டினோம். மழை முடியும் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. ஆடியில் கச்சான் காற்று அடித்து மணல் காய்ந்த பிறகு ஒருநாள் அம்மா சொன்னார்: "மகன், பைப்பைத் தொட்டால் சுள்ளென்று இழுக்குது."

அந்த ஒரு சொல்லால்தான் இதை எழுதுகிறேன். கரண்ட் இணைப்பை என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் உள்ள வயர்மேனிடமே விடுங்கள். ஆனால் அவர் எதையெல்லாம் செய்யாமல் போகக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1. எர்த்தும் ட்ரிப் சுவிட்சும்

எர்த் என்பது கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பு. நான் ஏமாந்தது இங்கேதான். மல்டிமீற்றரை எடுத்து லைனுக்கும் (கரண்ட் வரும் வயர்) எர்த்துக்கும் இடையே வைத்தேன். 228 வோல்ட் காட்டியது. எர்த் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிட்டேன். அது பிழை. மீற்றர் தனக்குள் இழுக்கும் கரண்ட் மிகமிகக் குறைவு. அதனால் எர்த் எவ்வளவு மோசமாக இருந்தாலும் அது முழு வோல்ட்டைத்தான் காட்டும். எர்த்தின் தடையை அளக்கத் தனிக் கருவி இருக்கிறது. அதைக் கொண்டு வரும் வயர்மேனைத் தேடுங்கள்.

தடை 100 ஓம் என்று வையுங்கள். ஹீட்டர் சுருள் பழுதாகி 230 வோல்ட் தொட்டியின் உடலில் ஏறினால், எர்த் வழியாக ஓடுவது 2.3 அம்பியர்தான். 16 அம்பியருக்கு மேல் ஓடினால் வெட்டும் பிரேக்கர் அதற்கு அசையாது. பைப்பில் கரண்ட் அப்படியே நிற்கும், கீழே ஈரத் தரையில் ஆள் நிற்பார். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருந்தால் 0.03 அம்பியர் கசிந்த உடனேயே விழுந்து கரண்டை வெட்டிவிடும். எங்கள் பழைய வீட்டில் அது இருக்கவில்லை. எர்த் கம்பியும் நான்கு அடிதான், கரண்ட் சரியாக இறங்காத காய்ந்த மணலுக்குள் சும்மா குத்தி நின்றது.

இப்போது குளிக்கிற தண்ணீர் போய் விழும் தென்னையடியில், ஈரம் தட்டும் ஆழத்துக்கு இரண்டு கம்பி இறக்கி இணைத்திருக்கிறோம். கடற்காற்றில் இரும்புக் கிளிப் துருப்பிடித்துவிடும், பித்தளைக் கிளிப்பே போடுங்கள். ட்ரிப் சுவிட்சில் 30 என்று இருக்கிறதா பாருங்கள். 100 என்று இருந்தால் அது ஆளைக் காப்பாற்றப் போதாது. அதில் இருக்கும் 'T' என்ற சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

எர்த் வயரை நியூட்ரலோடு (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) முறுக்கிவிட்டு "சரி" என்று சொல்லும் ஆளை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் ஹீட்டர் உடம்பு முழுக்கக் கரண்ட் வந்துவிடும்.

2. வயரும் சுவிட்சும்

2,000 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 9 அம்பியர் இழுக்கும். மெயின் சுவிட்ச் பெட்டியில் இருந்து தனி லைன், 2.5 சதுர மில்லிமீற்றர் வயர், 16 அம்பியர் பிரேக்கர். லைன், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து வெட்டும் சுவிட்ச், அதுவும் குளியலறைக்கு வெளியே. எக்ஸ்டென்ஷன் கோட்டில் மாட்டவே கூடாது. பழைய வயரிங் உள்ள வீட்டுக்கு இன்ஸ்டன்ட் ஹீட்டர் எனக்குப் பிடிப்பதில்லை. 3,500 வாட்டுக்கு மேலே போனால் 15 அம்பியர் தாண்டும், வயர் எல்லாம் மாற்ற வேண்டி வரும்.

3. சுவரும் பைப்பும்

தண்ணீர் நிறைந்தால் தொட்டி 25 கிலோவுக்குக் கிட்ட வரும். பொள்ளல் சீமெந்துக் கல்லில் ரோல் பிளக் (ஸ்குரூவை இறுக்கும் பிளாஸ்டிக் முளை) நிற்காது. கதவு, ஜன்னலுக்கு மேலே உள்ள லிண்டல் கொங்கிரீட்டில் துளை போடுங்கள். நீலம் குளிர், சிவப்பு சூடு. சூட்டுப் பக்கம் சாதாரண பீவீசி இளகிவிடும், சூடு தாங்கும் பீபீஆர் பிளாஸ்டிக் பைப் போடுங்கள். பைப் ரென்ச் நட்டின் மூலைகளைத் தின்றுவிடுகிறது, எனக்கு அட்ஜஸ்டபிள் ஸ்பானர்தான்.

ஹீட்டரோடு வரும் பாதுகாப்பு வால்வை நீலப் பக்கம் பூட்டுங்கள். அதிலுள்ள அம்பு தொட்டியைப் பார்க்க வேண்டும்.

4. தண்ணீர் முதல், கரண்ட் பிறகு

சூட்டுப் பைப்பைத் திறந்துவிட்டுத் தொட்டியை நிரப்புங்கள். முதலில் காற்றும் தண்ணீருமாகத் துப்பும். இடைவிடாமல் ஒரே சீராக ஓடத் தொடங்கிய பிறகே சுவிட்ச். வெறும் தொட்டியில் போட்டால் சுருள் சில நிமிடத்தில் எரிந்துவிடும். தண்ணீரைச் சுட வைத்து, சுவிட்சை நிறுத்திய பிறகு குளியுங்கள். வாளியில் பச்சைத் தண்ணீரை முதலில் விட்டு, அதற்கு மேல் சூட்டை விடுங்கள். 60 பாகை சில நொடியில் சிறுபிள்ளையின் தோலைச் சுட்டுவிடும்.

பிறகு சேர்த்தது

அக்கரைப்பற்றில் இருந்து ஒரு சகோதரி கேட்டிருந்தார்: "வால்வில் தண்ணீர் சொட்டுகிறது, அடைக்கலாமா?" அடைக்காதீர்கள் அக்கா. தண்ணீர் சூடாகும்போது விரியும். 15 லீற்றர் 70 பாகைக்குப் போனால் கால் லீற்றருக்கும் கொஞ்சம் மேலே கூடும். அது வெளியேற வேறு வழி இல்லை. ஒரு சின்னக் குழாய் மாட்டி வடிகானுக்கு விடுங்கள். சுவிட்சை நிறுத்தி ஆறிய பிறகும் ஓடினால்தான் வால்வு பழுது.

இன்னொருவருக்கு ஹீட்டர் போட்டால் மட்டும் ட்ரிப் விழுகிறதாம். சுருள் கசிகிறது. ட்ரிப் சுவிட்சைத் தாண்டி நேராக இணைக்க யார் சொன்னாலும் கேட்காதீர்கள், சுருளை மாற்றுங்கள். கழற்றும்போது பக்கத்தில் உள்ள மக்னீசியக் கம்பியையும் பாருங்கள். தொட்டியைத் துருவில் இருந்து காப்பது அதுதான். எங்கள் கிணற்றில் கொஞ்சம் உப்பு உண்டு. விரல் மொத்தத்தில் இருந்த கம்பி ஒரு வருடத்தில் அங்கங்கே கரைந்து, உள்ளே இருக்கும் மெல்லிய இரும்பு வெளியே தெரிந்தது.