பாய்மரப் படகுக்குக் கட்டுப்படியாகும் இன்ஷூரன்ஸ்: எங்கே குறைக்கலாம், எங்கே கூடாது

படகை வாங்கி, எஞ்சினைச் சரிபார்த்து, பாய்களை மாற்றி, இனி கிளம்ப வேண்டியதுதான் என்று உட்காரும்போதுதான் நிறையப் பேருக்கு இன்ஷூரன்ஸ் ஞாபகம் வருகிறது. அவசர அவசரமாக ஏழெட்டு இடங்களுக்கு மெயில் போடுவார்கள், பாதிப் பேரிடமிருந்து பதிலே வராது, வந்த ஒன்றிரண்டிலும் இருக்கிற தொகையைப் பார்த்தால் வயிற்றில் புளியைக் கரைக்கும். நானும் முதல் படகுக்கு இப்படி அலைந்தவன்தான். அதற்கப்புறம் ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கும்போது புரிந்தது ஒன்று உண்டு. மலிவான கம்பெனியைத் தேடுவதில் மிச்சமாவது கொஞ்சம். படகையும் அதை ஓட்டுகிறவரையும் காகிதத்தில் ஒழுங்காகக் காட்டினால், தேவையில்லாத கவரேஜைத் துணிந்து விட்டால், மிச்சமாவது அதிகம்.

எதற்காக இன்ஷூரன்ஸ் எடுக்கிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நம் படகால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கு மூன்றாம் தரப்பு பாலிசி. நம் படகுக்கே ஆகும் சேதத்தையும் சேர்த்தால் முழு பாலிசி. கரையோரமாக, புயல் பயம் இல்லாத பகுதியில் ஓட்டுகிற படகுக்கு முழு பாலிசி என்றால் வருடத்துக்குப் படகு மதிப்பில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை என்று பொதுவாகக் கணக்குப் போடுவார்கள். பெருங்கடல் தாண்டுவது, புயல் மண்டலத்தில் இருப்பது என்றால் அதற்கு மேலே போகும். 50,000 டாலர் படகுக்கு 500 முதல் 1,000 டாலர் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் தரப்பு மட்டும் போதும் என்றால் இதில் ஒரு சின்னப் பங்குதான் ஆகும். உங்கள் படகு பழையது, விலை குறைவு, நாளைக்கே அது மூழ்கினாலும் அந்த நஷ்டத்தைத் தாங்கிக்கொள்ள முடியும் என்றால், மூன்றாம் தரப்போடு நிற்பது முற்றிலும் நியாயமான முடிவு. நான் பல வருடம் அப்படித்தான் ஓட்டினேன்.

ஆனால் அந்த மூன்றாம் தரப்பு பாலிசிக்குள் இரண்டு விஷயம் கட்டாயம் இருக்க வேண்டும்: மூழ்கிய படகை அப்புறப்படுத்தும் செலவு, எண்ணெய்க் கசிவு. படகு பவளப்பாறை மேலோ துறைமுக வாசலிலோ போய் உட்கார்ந்துவிட்டால், அதை எடு என்று அதிகாரிகள் உத்தரவு போடுவார்கள். டைவர்கள், கிரேன், மிதவை, குப்பையில் சேர்க்கும் கட்டணம் எல்லாம் சேர்ந்து படகின் விலையையே தாண்டிவிடும். டேங்கிலிருந்து டீசல் கசிந்தால் அது தனிக் கணக்கு. இந்த இரண்டையும் பாலிசி எந்தத் தொகை வரை ஏற்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், போனில் சொன்னதை நம்பி விடாதீர்கள். அதே மாதிரி, போகப்போகிற வழியில் உள்ள மெரினாக்கள் (படகு நிறுத்தும் துறைகள்) குறைந்தபட்சம் எவ்வளவு பொறுப்புத் தொகை கேட்கின்றன என்று முன்கூட்டியே பாருங்கள். பல மெரினாக்கள் சான்றிதழைப் பார்க்காமல் இடமே தராது. இத்தாலி, கிரீஸ், குரோயேஷியா பக்கம் போனால் மூன்றாம் தரப்பு சான்றிதழ் கையில் இருந்தே ஆக வேண்டும்.

அடுத்தது சர்வே, அதாவது நிபுணர் ஒருவர் செய்யும் படகுச் சோதனை. படகுக்கு இருபது, இருபத்தைந்து வயது தாண்டிவிட்டால், முழு பாலிசி வேண்டும் என்றால், தண்ணீரிலிருந்து தூக்கி வைத்து எடுத்த சர்வே அறிக்கை கேட்பார்கள், சில வருடத்துக்கு ஒருமுறை மறுபடியும் கேட்பார்கள். சர்வேயருக்குப் பணம் கட்டும் முன் அவருடைய அறிக்கையை இன்ஷூரன்ஸ்காரர் ஏற்பாரா என்று கேட்டுவிடுங்கள். அமெரிக்காவில் சாம்ஸ் அல்லது நாம்ஸ் என்ற சர்வேயர் சங்கங்களில் உறுப்பினரா என்று பார்ப்பார்கள், மற்ற இடங்களிலும் இதுபோன்ற அமைப்புகள் உண்டு.

சர்வே நாளில் நீங்களும் கூடவே இருங்கள். சர்வேயர் சின்னச் சுத்தியலால் ஹல்லை, அதாவது படகின் உடற்பகுதியை, அடி அடியாகத் தட்டிக்கொண்டே போவார். 'டக் டக்' என்று வரும் சத்தம் ஓர் இடத்தில் 'பொத்' என்று மங்கினால் அங்கே நின்று ஈரம் பார்க்கும் மீட்டரை வைப்பார். பைபர் அடுக்குகள் பிரிந்திருக்கலாம், நடுவில் தண்ணீர் இறங்கியிருக்கலாம். அப்புறம் கடல்நீர் வால்வுகளை ஒவ்வொன்றாகத் திருப்புவார், ஒன்று இறுகிப்போய்த் திரும்பவில்லை என்றால் அது அறிக்கையில் ஏறிவிடும். ஹோஸில் ஒற்றை கிளாம்ப், அதுவும் துருப்பிடித்தது என்றால் அதுவும் ஏறும். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளின் முனையில், கம்பி உலோகக் குழாய்க்குள் நுழையும் இடத்தில், லென்ஸ் வைத்துப் பார்ப்பார். முடி மாதிரி ஒரு விரிசல், அதிலிருந்து பழுப்பாக ஒரு கோடு வழிந்திருந்தால் போதும், கம்பிகளை மாற்று என்று எழுதிவிடுவார். இதையெல்லாம் ஒரு மாதம் முன்பே நீங்களே ஒருமுறை பார்த்துச் சரிசெய்துவிடலாம். வால்வுக்குக் கிரீஸ், புது கிளாம்ப், தேதி முடிந்த கேஸ் ஹோஸுக்கும், ஆபத்தில் உதவி கேட்டுக் கொளுத்தும் ஃபிளேர்களுக்கும் மாற்று, எல்லாம் சேர்த்தாலும் பெரிய செலவில்லை. அறிக்கையில் 'உடனே செய்ய வேண்டியவை' பட்டியல் குட்டையாக இருந்தால், பாலிசி தரலாமா, என்ன விலைக்கு என்று தீர்மானிக்கும் அண்டர்ரைட்டர் உங்களைப் பார்க்கும் பார்வையே வேறு. மிச்சம் இருப்பதையும் செய்து, போட்டோவும் பில்லும் வைத்து, அறிக்கையோடு சேர்த்தே அனுப்புங்கள்.

கம்பிகளின் வயது தனியாகக் கேட்கப்படும். பத்து முதல் பதினைந்து வருடத்துக்குள் மாற்றியிருக்க வேண்டும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள், இல்லையென்றால் பாய்மரம் ஒடிந்தால் பணம் வராது, அல்லது வெட்டித்தான் வரும். மாற்றிய பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

படகைப் பார்ப்பது போலவே உங்களையும் பார்ப்பார்கள். ஒரு பக்கத்தில் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்: எந்தெந்தப் படகு, எத்தனை அடி, எந்த வருடம், எந்தக் கடல், எத்தனை மைல், இரவுப் பயணம் உண்டா, ஆர்.ஒய்.ஏ. (பிரிட்டன்), ஏ.எஸ்.ஏ. (அமெரிக்கா) மாதிரிப் பாய்மரப் பயிற்சி அமைப்புகளின் சான்றிதழ் ஏதாவது உண்டா, முன்பு கிளெய்ம் உண்டா. நண்பர் படகில் வேலை செய்துகொண்டே போன பயணத்தையும் சேருங்கள், அதுவும் அனுபவம்தான். இதுவரை 25 அடி ஓட்டியவர் திடீரென்று 42 அடி வாங்கிப் பெருங்கடல் தாண்டப் போகிறேன் என்றால் பயப்படுவார்கள். அப்போது முதல் வருடம் கரையோரம் மட்டும், அல்லது அனுபவமுள்ள ஒருவரோடு மட்டும் என்று நீங்களாகவே சொல்லி ஆரம்பியுங்கள். கிளெய்ம் இல்லாமல் ஒரு வருடம் ஓடினால் அடுத்த வருடம் எல்லையை விரிக்கலாம், அப்படிக் கேட்கும்போது மறுப்பது அவர்களுக்கும் கடினம்.

பணம் அதிகமாக மிச்சமாகிற இடம் கடல் எல்லைதான். உலகம் முழுவதும் என்று டிக் போட்டுவிட்டு ஒரே வளைகுடாவில் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த வருடம் உண்மையில் போகப்போகிற பகுதிக்கு மட்டும் வாங்குங்கள். நடுவில் விரிக்க வேண்டுமானால் மெயில் போட்டு, கூடுதல் கட்டி விரித்துக்கொள்ளலாம். வருடத்தில் சில மாதம் படகு தரையில் சும்மா நிற்கும் என்றால் அதையும் சொல்லுங்கள், அதற்குத் தள்ளுபடி உண்டு.

அட்லாண்டிக்கின் ஹரிகேன் சீசன் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. 2017-இல் இர்மா, மரியா புயல்கள் கரீபியனில் படகுகளை நொறுக்கிப் போட்டதற்கு அப்புறம் பல கம்பெனிகள் அந்தப் பகுதியை விட்டே விலகின, மிச்சமிருந்தவர்கள் பிரீமியத்தை ஏற்றினார்கள். சீசனில் குறிப்பிட்ட அட்சரேகைக்குத் தெற்கிலோ வடக்கிலோ இருந்தால்தான் கவரேஜ் என்று பாலிசியில் எழுதியிருக்கும். அந்தக் கோட்டுக்கு வெளியே போய்விடுகிறேன் என்று ஒப்புக்கொள்வது விலையை நன்றாகவே இறக்கும். ஆனால் கோட்டைத் தாண்டிவிட்டால் ஆபத்தே இல்லை என்று எண்ண வேண்டாம். புயல் தொடாது என்று பலரும் நம்பியிருந்த கரீபியன் நாடான கிரெனடாவை 2004-இல் ஐவன் புயல் அடித்தது. 2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் அதே நாட்டின் கரியாக்கூ தீவைச் சூறையாடியபோது, அங்கே சதுப்புமரங்களுக்குள் கட்டிப் பதுங்கியிருந்த படகுகளும் தப்பவில்லை. எனவே பெயர் வைத்த புயல் என்ற பத்தியைத் தேடிப் படியுங்கள். அதற்குத் தனி டிடக்டிபிள் (கிளெய்மில் முதலில் நாமே ஏற்க வேண்டிய தொகை) இருக்கும், ஐந்து, பத்து சதவீதம் என்றும் அதற்கு மேலும் போகும். 50,000 டாலர் படகுக்குப் பத்து சதவீதம் என்றால் முதல் 5,000 உங்கள் கையிலிருந்து போகிறது என்று அர்த்தம்.

சாதாரண டிடக்டிபிளை மட்டும் தாராளமாக உயர்த்துங்கள். சின்னக் கீறலுக்கும் கிழிந்த பாய்க்கும் யாரும் கிளெய்ம் போடுவதில்லை, போட்டாலும் அடுத்த வருடம் பிரீமியத்தில் அது திரும்பி வரும்.

யாரிடம் கேட்பது? படகு புதிது, கரையோரம்தான் என்றால் நேரடியாகக் கம்பெனியிடமே வாங்கலாம். பழைய படகு, நீண்ட பயணம், படகிலேயே குடியிருப்பு என்றால் யாட்ச் மட்டுமே பார்க்கும் புரோக்கரிடம் போங்கள். கார் இன்ஷூரன்ஸ் விற்கிறவருக்கு இது புரியாது. இரண்டு புரோக்கர் போதும், இருவரும் எந்த அண்டர்ரைட்டரிடம் போகிறார்கள் என்று கேளுங்கள், ஒரே மேசைக்கு உங்கள் பெயர் இரண்டு விதமான விவரங்களோடு போனால் குழப்பம்தான். கிளம்புவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே ஆரம்பியுங்கள்.

விலை வந்ததும் பாலிசியை முழுசாகக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஒப்புக்கொண்ட மதிப்பா, சந்தை மதிப்பா? முழு நஷ்டமானால் முதலாவதில் எழுதிய தொகை அப்படியே வரும். இரண்டாவதில் அன்றைய விலையைப் பேரம் பேச வேண்டியிருக்கும். முதலாவதிலும் பாய், கயிறு, பேட்டரி, அவுட்போர்டு எஞ்சின் போன்றவற்றுக்குத் தேய்மானம் கழிப்பார்கள். தனியாக ஓட்டுகிறவரா? இரவுப் பயணத்துக்கு இரண்டு பேராவது வேண்டும் என்ற நிபந்தனை ஒளிந்திருக்கலாம். ஸ்பெயின், போர்ச்சுகல் கடலோரமாகப் போகிறீர்கள் என்றால், 2020 முதல் அங்கே ஓர்க்கா திமிங்கிலங்கள் சுக்கானை உடைத்து வருகின்றன, அது சேருமா என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.

அப்புறம், எதையும் மறைக்காதீர்கள். நீங்களே பொருத்திய லித்தியம் பேட்டரி, படகிலேயே குடியிருப்பது, பழைய விபத்து, எதுவாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள். பிரிட்டனின் 1906 கடல் இன்ஷூரன்ஸ் சட்டம் தொட்டே இந்தத் தொழில் முழு நம்பிக்கை என்ற விதியின் மேல் நிற்கிறது. பின்னால் வந்த சட்டங்கள் அதைத் தளர்த்தியிருந்தாலும், முக்கியமான விஷயத்தை மறைத்தால் கிளெய்ம் வேளையில் பாலிசியே செல்லாது என்று சொல்ல இன்றும் இடமிருக்கிறது. லித்தியம் பேட்டரியைச் சொன்னால் எலக்ட்ரீஷியன் சான்று கேட்பார்கள், வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

பாலிசி கைக்கு வந்த அன்றே படகின் உள்ளும் புறமும் மொபைலில் வீடியோ எடுத்து, எஞ்சின், டிங்கி (கரைக்குப் போய்வரும் சின்னப் படகு), கருவிகளின் சீரியல் எண்ணையும் சேர்த்து உங்களுக்கே மெயில் அனுப்பிவையுங்கள். நெட் இல்லாத இடத்திலும் கிடைக்கும்படி சான்றிதழின் அச்சுப் பிரதி ஒன்றைச் சார்ட் மேசை டிராயரில் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள், மெரினா அலுவலகத்தில் முதலில் கேட்பது அதைத்தான்.