புள்ளிப் பட்டியலை வைத்து ஸ்கோரைக் கண்டுபிடிப்பது எப்படி?

நான்கு கால்பந்து அணிகள். ஒவ்வொன்றும் மற்ற மூன்றோடும் ஒருமுறை மோதியது. ஆக 6 ஆட்டங்கள். வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1. கையில் இருப்பது இவ்வளவுதான்:

சிவப்பு: 7 புள்ளி, அடித்த கோல் 3, வாங்கிய கோல் 0
நீலம்: 5 புள்ளி, அடித்தது 2, வாங்கியது 1
பச்சை: 2 புள்ளி, அடித்தது 1, வாங்கியது 3
மஞ்சள்: 1 புள்ளி, அடித்தது 0, வாங்கியது 2

ஆறு ஸ்கோரும் வேண்டும். முதலில் 4×4 கட்டம் போட்டு, எல்லா அணிகளின் பெயரையும் இடப்பக்கமும் மேலேயும் எழுதுங்கள். ஒரு முடிவு தெரிந்தால் இரண்டு கட்டத்தில் நிரப்ப வேண்டும்: ஒன்றில் 2-0, எதிர்க் கட்டத்தில் 0-2. பாதியில் குழம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது கட்டத்தை விட்டவர்கள்தான்.

படி 1: அடித்த கோல்களின் கூட்டுத்தொகை 6, வாங்கியதும் 6. இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் கணக்கைத் தப்பாக எழுதியிருக்கிறீர்கள்.

படி 2: டிராக்களை எண்ணுங்கள். டிராவே இல்லாவிட்டால் மொத்தம் 18 புள்ளி. ஒவ்வொரு டிராவும் அதில் ஒன்றைக் குறைக்கும். இங்கே மொத்தம் 15, ஆகவே 3 டிரா. வெற்றிக்கு 2 புள்ளி தரும் பழைய புதிர்களில் இது பலிக்காது. அங்கே மொத்தம் எப்போதும் 12தான்.

படி 3: புள்ளியைப் பிரியுங்கள். 7 என்றால் 2 வெற்றி, 1 டிரா. 5 என்றால் 1 வெற்றி, 2 டிரா. 2 என்றால் 2 டிரா, 1 தோல்வி. 1 என்றால் 1 டிரா, 2 தோல்வி. மூன்று ஆட்டத்தில் 3 புள்ளி வந்தால் மட்டும் கவனம்: ஒரு வெற்றியாகவும் இருக்கலாம், மூன்று டிராவாகவும் இருக்கலாம்.

படி 4: யாரோடு யார்? புதிரின் பூட்டு இங்கேதான் திறக்கிறது. சிவப்பும் நீலமும் தோற்கவே இல்லை. அப்படியானால் அவை மோதிய ஆட்டம் டிரா. சிவப்பின் ஒரே டிரா அதோடு தீர்ந்தது. மற்ற இருவரையும் அது வென்றது. பச்சையின் இரண்டு டிராவும் இனி நீலத்தோடும் மஞ்சளோடும்தான். மிச்சம் இருப்பது நீலம்–மஞ்சள். அதில் நீலம் வென்றது.

படி 5: இப்போதுதான் கோல். இதை முதலிலேயே எடுத்தால் பத்துப் பதினைந்து சாத்தியங்களில் மாட்டிக்கொள்வீர்கள். பூஜ்ஜியம் உள்ள அணியில் தொடங்குங்கள். சிவப்பு வாங்கியது 0, எனவே சிவப்பு–நீலம் 0-0. மஞ்சள் அடித்தது 0, எனவே பச்சை–மஞ்சள் 0-0. பச்சையின் ஒரே கோல் நீலத்துக்கு எதிராகத்தான் விழுந்திருக்க முடியும்: 1-1. நீலத்தின் மற்றொரு கோல் மஞ்சளுக்கு எதிராக: 1-0. பச்சை வாங்கிய 3-இல் ஒன்று நீலத்திடம், மீதி இரண்டு சிவப்பிடம்: சிவப்பு–பச்சை 2-0. சிவப்புக்கு மிஞ்சியது ஒரு கோல்: சிவப்பு–மஞ்சள் 1-0.

மஞ்சள் வாங்கிய 2-ஐ இதுவரை தொடவில்லை. அதை வைத்துச் சரிபாருங்கள்: 1+1+0, சரி.

நீங்களே புதிர் உருவாக்கும்போது ஒரு பொறி உண்டு. 1994 உலகக் கோப்பையின் 'ஈ' பிரிவில் மெக்சிகோ, அயர்லாந்து, இத்தாலி, நார்வே நான்கும் 4 புள்ளி. இத்தாலியும் அயர்லாந்தும் 2 கோல் அடித்து 2 வாங்கின. பட்டியலில் இரண்டு அணிகளும் அச்சு அசலாக ஒன்றாக இருப்பதால் பெயரை மாற்றிப்போட்டாலும் கணக்கு நிற்கும். ஒரே விடை கிடைக்காது. இப்படி வந்தால் ஓர் ஆட்டத்தின் முடிவையாவது குறிப்பாகக் கொடுத்துவிடுங்கள்.