அம்மாவின் ரேகையும் ஆயுள் சான்றும்

மயிலாப்பூரில் வசிக்கும் என் அம்மாவுக்கு வயது 82. மத்திய அரசுப் பணியில் இருந்த அப்பாவின் மறைவுக்குப் பின் வரும் குடும்ப ஓய்வூதியத்திற்காக, அவர் உயிருடன் இருப்பதை உறுதிசெய்யும் ஆயுள் சான்றை ஆண்டுதோறும் நவம்பரில் அளித்தாக வேண்டும். 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபர் 1 முதலே அளிக்கலாம் என்பது எங்களுக்குத் தாமதமாகவே தெரிந்தது. சென்ற ஆண்டு வங்கிக் கிளையில் நான்கு முறை விரலை வைத்தும் ரேகை பதியவில்லை. புளி கரைத்தே தேய்ந்துவிட்டது என்று அம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓய்வூதியம் நின்றுபோனது.

இம்முறை, 2021-இல் அறிமுகமான முக அடையாள முறையை நாடினேன். கைபேசியில் ‘ஆதார் ஃபேஸ் ஆர்டி’, ‘ஜீவன் பிரமாண்’ ஆகிய செயலிகளை நிறுவி, முதலில் செயலியை இயக்குபவராக என் ஆதாரையும் முகத்தையும் கொண்டு பதிவுசெய்து, பின்னர் அம்மாவின் ஆதார் எண், ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை நிரப்பி, ‘குடும்ப ஓய்வூதியம்’ என்பதைத் தேர்ந்தெடுத்தேன். கூடத்துக் குழல்விளக்கின் கீழ் இருமுறை ஏற்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சன்னலைப் பார்த்து அமர்ந்து அவர் கண் சிமிட்டியதும் ஏற்றுக்கொண்டது.

சான்றுக்குரிய பிரமாண் எண் குறுஞ்செய்தியாக வந்தாலும், விவரம் பிழையானால் சான்று நிராகரிக்கப்படலாம் என்பதால், ஏற்கப்பட்டதை இணையதளத்தில் பார்த்த பிறகே அம்மாவிடம் சொன்னேன்.