ஏற்றத்தில் தப்பித்து இறக்கத்தில் மாட்டும் தொடைகள்: மலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொடைக்கானலுக்கு வருகிறவர்கள் ஏற்றத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். ஊர் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கீழே இருப்பதைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டால்ஃபின் நோஸ் பாறைமுனைக்குப் போய்விட்டு வட்டக்கானலுக்குத் திரும்பி ஏறும்போது நல்ல வாலிபனுக்கே மூச்சு வாங்கும். அதனால் ஏறுவதுதான் கஷ்டம், இறங்குவது ஓசி என்று மனசில் பதிந்துவிடுகிறது. மூச்சுக்கு அது சரி. தசைக்குக் கணக்கு நேர் எதிர்.

ஏறும்போது தொடையின் முன்பக்கத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போதோ அதே தசை, உடம்பு சரிந்துவிடாமல் பிடித்து நிறுத்த வேண்டும். ஆனால் முட்டி மடங்க மடங்க அது நீண்டுகொண்டே போகிறது. இப்படி இழுபட்டுக்கொண்டே பாரம் தாங்கும்போதுதான் தசைநார்கள் நுண்ணிய அளவில் பிய்கின்றன. இந்த வேலைக்கு ஆக்சிஜன் அதிகம் தேவைப்படாது என்பதால் மூச்சு வாங்காது, நெஞ்சு படபடக்காது. ஆகவே உள்ளே சேதம் நடப்பது நமக்குத் தெரிவதே இல்லை.

வட்டக்கானலில் புறப்பட்டு வெள்ளகெவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்கும் பழைய பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 1,500 மீட்டருக்கு மேல் இறக்கம். இறங்கி முடித்தவர்கள் அருவியில் குளித்து, சிரித்துக்கொண்டு பஸ் ஏறுவார்கள். மறுநாள் காலையில் மாடிப்படியில் பக்கவாட்டாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குவார்கள். இந்தியன் டாய்லெட்டில் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவரைத் தேடுவார்கள். அதற்கடுத்த நாள் இன்னும் மோசமாக இருக்கும். இந்த வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் தானாக அடங்குவது வழக்கம்.

இதற்கு 'லாக்டிக் ஆசிட் சேர்ந்துவிட்டது' என்று காரணம் சொல்வது ஜிம் மாஸ்டர் முதல் டீக்கடைப் பெஞ்சு வரை பரவியிருக்கிறது. ரத்தத்தில் ஏறிய லாக்டேட் ஓய்வெடுத்த ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே பழைய அளவுக்கு இறங்கிவிடும். கும்பக்கரையில் தலை துவட்டும்போதே அது போய்விட்டது. மறுநாள் வரும் வலிக்கு அதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. தசைக்குள் ஏற்படும் கிழிசல்தான் காரணம் என்று அமெரிக்க உடலியல் அறிஞர் தியோடர் ஹஃப் 1902-லேயே எழுதிவிட்டார். நாம்தான் இன்னும் ஆசிட்டை விடவில்லை.

அப்படியானால் என்ன செய்வது? மலைப்பாதையில் லாரி இறக்கும் டிரைவர் பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரைக் குறைப்பார். காலுக்கு அதற்கு ஈடு, எடுத்து வைக்கும் எட்டின் நீளத்தைக் குறைப்பது. எட்டு நீளமாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் அதிக உயரத்திலிருந்து விழுந்து, முட்டியை விறைப்பாக வைத்துத் தாங்க வேண்டியிருக்கும். சின்ன எட்டாக, முட்டி லேசாக மடங்கியபடி, பாதம் முழுவதும் பதிய இறங்குங்கள். ஒரு கம்பு ஊன்றினால் தொடையின் பாரத்தில் கொஞ்சம் கைக்குப் போகும். முதுகுப் பையில் தேவையில்லாததைக் கழித்துவிடுங்கள். இறக்கத்தில் ஓட வேண்டாம் என்று பையன்களிடம் சொல்லிப் பார்க்கலாம், கேட்பார்களா என்பது வேறு விஷயம்.

இதையெல்லாம்விடப் பலன் தருவது முன்கூட்டியே பழகுவது. ஒரு முறை மிதமாக இறங்கிப் பழகிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையைக் குறைந்த சேதத்தோடு செய்யும். பெரிய நடைக்கு இரண்டு வாரம் முன்பு, வீட்டு மாடிப்படியில் இறங்குவதை மட்டும் நிதானமாகச் சில நாள் செய்து பாருங்கள். மதுரையிலோ திண்டுக்கல்லிலோ மலை வேண்டியதில்லை, மூன்று மாடிக் கட்டடம் போதும். நிறையப் பேர் பயிற்சி என்று ஏறுவதை மட்டும் செய்துவிட்டு, இறங்க லிஃப்டைப் பிடிக்கிறார்கள். வேண்டியது அதற்கு எதிர்மாறானது.

விடியற்காலையில் குனிந்து விரலைத் தொடுவது

மார்கழி, தையில் இங்கே இரவுக் குளிர் 10 டிகிரிக்குக் கீழே போவது சாதாரணம். ரஜாயிலிருந்து எழுந்து, குல்லாயைக்கூடக் கழற்றாமல், பால்கனியில் நின்று 'ஹப்' என்று குனிந்து கால்விரலைத் தொட முயல்பவர்களைச் சீசன் தோறும் பார்க்கலாம். குளிர்ந்த தசை விறைப்பாக இருக்கும், மெதுவாகத்தான் சுருங்கி விரியும். அதை ஒரேயடியாக இழுத்தால் பின்தொடையோ இடுப்போ பிடித்துக்கொள்ளும். முதலில் ஐந்து பத்து நிமிடம் சாதாரணமாக நடங்கள், கையை வீசுங்கள், முட்டியைத் தூக்கி இறக்குங்கள். ஸ்வெட்டருக்குள் லேசாக வெதுவெதுப்புத் தெரிந்த பிறகுதான் மற்றதெல்லாம்.

நடைக்கு முன் ஒரே நிலையில் ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்து வைத்திருந்தால், அந்தத் தசையின் வலு கொஞ்ச நேரத்துக்குக் குறையும். அதனால் புறப்படும் முன் அசைந்தபடி செய்யும் பயிற்சிகளும், நடந்து முடித்த பின் நிறுத்தி இழுப்பதும் என்று பிரித்துக்கொள்வது நல்லது. இழுத்துவிட்டால் மறுநாள் வலி வராது என்று மட்டும் நம்ப வேண்டாம். முன்னால் இழுத்தாலும் பின்னால் இழுத்தாலும் அந்த வலி சொல்லிக்கொள்ளும்படி குறைவதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. மூட்டு நன்றாக மடங்கி நீளும் அளவைக் கூட்டுவதுதான் இதன் வேலை. அதுவும் வாரத்தில் பல நாள், மாதக்கணக்கில் செய்தால்தான்.

கெண்டைக்காலுக்கு மட்டும் எப்படி என்று சொல்கிறேன். ஏற்றத்தில் அதிகம் இறுகுவது அதுதான், பெரும்பாலோர் அரைகுறையாக இழுப்பதும் அதைத்தான். சுவரில் இரண்டு கையையும் ஊன்றி ஒரு காலைப் பின்னால் வையுங்கள். பின்கால் விரல்கள் சுவரை நேராகப் பார்க்க வேண்டும். பாதம் வெளிப்பக்கம் திரும்பினால் இழுப்பு தப்பிவிடும், இதுதான் எல்லோரும் செய்யும் பிழை. குதிகாலைத் தரையில் அழுத்தி, முட்டியை நேராக வைத்து, இடுப்பைச் சுவர்ப்பக்கம் கொண்டுபோங்கள். 30 விநாடி. பிறகு அதே நிலையில், குதிகாலைத் தூக்காமல் பின்முட்டியை லேசாக மடக்குங்கள். இழுப்பு இப்போது கீழே, குதிகால் தசைநாணுக்குப் பக்கத்தில் தெரியும். அடியில் இருக்கும் இன்னொரு தசை அது, முட்டியை மடக்காமல் அதற்குச் சரியாகப் போய்ச் சேராது. அதற்கும் 30 விநாடி. காலுக்கு இரண்டு மூன்று முறை. குதித்துக் குதித்து இழுக்க வேண்டாம், மூச்சை அடக்கவும் வேண்டாம். இழுப்புத் தெரியலாம், சுருக்கென்ற வலி தெரியக் கூடாது.

'நாள் பூரா காட்டுல கிடக்கேன், எனக்கு எதுக்கு எக்சர்சைஸ்?'

மேல்மலைப் பக்கம் பூம்பாறையிலோ மன்னவனூரிலோ கேட்டால் இந்தப் பதில் வரும். நியாயமான கேள்விதான். படிப்படியாக அமைத்த பாத்திகளில் பூண்டு நடுவதும், கேரட் பிடுங்குவதும், மூட்டையைத் தலையில் வைத்து ரோடு வரை ஏற்றுவதும் எந்த ஜிம்மிலும் கிடைக்காத உழைப்பு. ஆனால் அந்த உழைப்பு சில தசைகளை மட்டும், ஒரே மாதிரியாக, வருடக்கணக்கில் வேலை வாங்குகிறது. குனிந்தே இருக்கும் இடுப்பு எதிர்ப்பக்கம் வளைவதில்லை. ஒரே தோளில் சுமந்து சுமந்து கழுத்தின் ஒரு பக்கம் இறுகிக் கிடக்கிறது.

இதில் அதிகம் கவனிக்கப்படாத தவறு ஒன்று உண்டு. ஒரு மணி நேரம் குனிந்து வேலை செய்தவர், நிமிர்ந்த அடுத்த நொடி மூட்டையைத் தூக்குவார். நெடுநேரம் குனிந்திருந்தால் முதுகெலும்புகளை ஒன்றோடொன்று கட்டியிருக்கும் இணைப்பு நார்கள் தற்காலிகமாகத் தளர்ந்துபோகும், முதுகுத் தசைகளும் சட்டென்று தாங்கிக்கொடுக்காது. பாரத்தைத் தாங்க ஆளே இல்லாத நேரம் அது. 'கேரட் மூட்டையைத் தூக்கும்போது பிடிச்சுக்கிச்சு' என்பார்கள். மூட்டைக்கு முன்னாலிருந்த ஒரு மணி நேரத்துக்கும் அதில் பங்கு உண்டு. நிமிர்ந்ததும் இடுப்பில் கையை வைத்துப் பின்னால் நாலைந்து முறை வளையுங்கள், இரண்டு மூன்று நிமிடம் நடங்கள், பிறகு தூக்குங்கள். இருபது முப்பது நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து நிமிர்ந்தால் இன்னும் நல்லது. கூலிக்குப் போகிற பெண்களுக்கு இதைச் சொல்வது சுலபம், மேஸ்திரியின் பார்வைக்கு முன்னால் செய்வது அவ்வளவு சுலபமில்லை. தோட்டக்காரர்கள்தான் இதற்கு வழிவிட வேண்டும்.

முப்பது வயதுக்கு மேல் தசையின் அளவு பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை குறைகிறது, அறுபதுக்கு மேல் வேகம் கூடுகிறது. வயதான பிறகு 'இனிமே காட்டுக்குப் போக வேண்டாம்' என்று பிள்ளைகள் திண்ணையில் உட்கார வைத்துவிட்டால், நாற்பது வருட உழைப்பில் வந்த வலு சீக்கிரமே கரைந்துபோகும். பாசம்தான், ஆனால் தவறு. வீட்டில் பெரியவர் இருந்தால் இதைச் செய்து பாருங்கள். கையை மார்பில் கட்டிக்கொண்டு, கைப்பிடி இல்லாத நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 15 விநாடிக்கு மேல் ஆனால் தசைவலு குறைந்திருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டலாம். முட்டிவலியாலும் நேரமாகலாம் என்பதையும் மறக்க வேண்டாம். அப்புறம், சோதித்துப் பார்த்த அதே அசைவுதான் பயிற்சியும்: நாற்காலியில் எழுந்து உட்காருவது. கூடவே சுவரில் கை ஊன்றித் தள்ளுவதும், குதிகாலைத் தூக்கி நிற்பதும். உலகச் சுகாதார நிறுவனம் 2020-ல் தந்த பரிந்துரையில் நடைக்கு மேலாக, வாரத்தில் இரண்டு நாளாவது வலுப் பயிற்சி, 65 தாண்டியவர்களுக்கு மூன்று நாள் சமநிலைப் பயிற்சி என்று தனியாகவே இருக்கிறது.

ஓய்வு என்றால் கட்டிலா?

தசை வளர்வது பயிற்சியின்போது அல்ல, அதற்குப் பிறகு கிடைக்கும் ஓய்விலும் தூக்கத்திலும்தான். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும். ஒரே தசைக்குக் கடுமையான பயிற்சி கொடுத்தால் இடையில் ஒரு நாளாவது விடுங்கள். ஆனால் வலிக்கிறதே என்று நாள் முழுக்கப் போர்த்திப் படுத்தால் விறைப்புதான் கூடும். மறுநாள் ஏரியைச் சுற்றி மெதுவாக நடந்தால் போதும், அங்கே பெரும்பாலும் சமதரை. நடந்து முடித்த அன்றே வத்தலக்குண்டு பஸ்ஸில் முட்டியை மடக்கி மணிக்கணக்கில் உட்காருவதுதான் பலருடைய வழக்கம். வழியில் வண்டி நிற்கும்போது இறங்கி நாலு எட்டு வையுங்கள். வேர்வையில் நனைந்த பனியனோடு குளிர்காற்றில் நிற்பதும் வேண்டாம், உலர்ந்த ஒன்றைப் பையில் வைத்திருங்கள்.

குளிரில் தாகம் தெரியாது, ஆனாலும் வேர்க்கிறது. டீயும் பன்னும் சாப்பிட்டே நாளை ஓட்டுகிறவர்கள் புரதத்தைக் கவனிப்பதில்லை. கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. 60 கிலோ ஆளுக்குச் சுமார் 50 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான். பட்டர் பீன்ஸ், பட்டாணி, சுண்டல், பருப்பு எல்லாம் சேர்ந்தால் எட்டிவிடலாம், பவுடர் டப்பா தேவையில்லை.

தைலம், சுளுக்கு, மாத்திரை

ஏரிச் சாலைக் கடைகளில் விற்கும் யூகலிப்டஸ் தைலமும் வின்டர்கிரீன் தைலமும் தோலில் குளிர்ச்சியோ சூடோ காட்டி வலியை மறக்கடிக்கும். கிழிந்த நாரை ஒட்டவைக்காது. தேய்த்த இடத்தின் மேல் வெந்நீர்ப் பையை வைத்தாலோ இறுக்கிக் கட்டினாலோ தோல் புண்ணாகலாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் வின்டர்கிரீனைத் தேய்க்கும் முன் டாக்டரைக் கேட்க வேண்டும். குழந்தைகள் குடித்துவிட்டால் இரண்டுமே ஆபத்து, எட்டாத இடத்தில் வையுங்கள்.

நடக்கும்போது கெண்டைக்காலில் 'டப்' என்று ஏதோ அடித்ததுபோல் இருந்து, பிறகு கால் ஊன்ற முடியாமல் போனால் அது பெரும்பாலும் தசைக்கிழிவு. உடனே சுளுக்கு வழிக்கப் போவது தவறு. முதல் இரண்டு மூன்று நாள் அழுத்தித் தேய்ப்பதும் சூடு வைப்பதும் உள்ரத்தக்கசிவைக் கூட்டும். துணிப்பட்டையால் மிதமாகச் சுற்றி, காலை உயர்த்தி வைத்து, டாக்டரைப் பாருங்கள்.

வலி தெரியாமல் நடக்கலாம் என்று முன்கூட்டியே டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபன் போட்டுக்கொண்டு கிளம்புவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத பழக்கம். தண்ணீர் குடிக்காமல் வேர்த்திருக்கும் உடம்பில் அவை சிறுநீரகத்தைப் பாதிக்கும். கொழுப்புக்கு ஸ்டாட்டின் மாத்திரை எடுப்பவர்களுக்கு, நடக்காமலே இரண்டு தொடையும் வலித்தால் அந்த மாத்திரை காரணமாக இருக்கலாம். தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கடும் நடைக்குப் பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அது தசை சிதைந்து ரத்தத்தில் கலப்பதன் அடையாளம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாகி வலித்தால், அதிலும் நீண்ட பஸ் பயணத்துக்குப் பிறகு என்றால், ரத்தக்கட்டாக இருக்கலாம். ஏறும்போது நெஞ்சில் இறுக்கம் வந்து, நடையை நிறுத்தியதும் அது போய்விடுகிறது என்றால், அதை 'வாயு' என்று நினைத்து ஓம வாட்டரோடு விட்டுவிட வேண்டாம். இந்த மூன்றுக்கும் விடியும்வரை காத்திருக்காமல், ராத்திரியானாலும் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். வண்டி கிடைக்கவில்லை என்றால் 108.