இங்கிலீஷ் சரளமாக வந்தாலும் ஐஇஎல்டிஎஸ் எழுத வேண்டுமா?

பெங்களூருக்கு வேலைக்கு வரும் நம்மூர்ப் பிள்ளைகள் மாரத்தஹள்ளியிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ பிஜி விடுதி பிடித்துக் கொஞ்ச நாள் ஆனதும் என்னிடம் கேட்பது இதுதான்: "அண்ணா, எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம். ஆபீஸிலும் நாள் முழுக்க இங்கிலீஷ்தான். கனடாவில் நிரந்தரமாகக் குடியேற பிஆர் வாங்கணும்னா, நானும் ஐஇஎல்டிஎஸ் மாதிரி இங்கிலீஷ் டெஸ்ட் எழுதணுமா?"

எழுத வேண்டும். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில், அதாவது புள்ளிக் கணக்கில் ஆட்களைத் தேர்ந்தெடுத்து பிஆர் தரும் கனடாவின் முறையில், லண்டனில் பிறந்து வளர்ந்தவருக்குக்கூட விலக்கு கிடையாது. இங்கிலீஷில் படித்தேன் என்று கல்லூரியில் வாங்கும் சான்றிதழ் அங்கே செல்லாது. ஐஇஎல்டிஎஸ் எழுதுவதானால் அதில் ஜெனரல் டிரெய்னிங் என்ற வகையை எழுதுங்கள். அகாடமிக் எழுதினால் பணம் வீண். செல்பிப் ஜெனரல், பிடிஇ கோர் என்ற வேறு இரண்டு தேர்வுகளையும் ஏற்கிறார்கள்.

நன்றாகப் பேசுகிறவர்கள்தான் தயாராகாமல் போய் உட்காருகிறார்கள். எனக்கு அதில்தான் கவலை. என்னோடு வேலை பார்த்த தங்கை ஒருத்தி தினமும் அமெரிக்கக்காரர்களோடு போனில் பேசுகிறவள். ரீடிங், ரைட்டிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 7-க்கு மேல். லிசனிங்கில் 7.5. கனடா கணக்கில் சிஎல்பி (அவர்களுடைய மொழித்திறன் அளவுகோல்) 9-க்கு லிசனிங்கில் மட்டும் 8 வேண்டும், மற்ற மூன்றில் 7 போதும். அவள் திருமணமாகாதவள், முதுகலைப் பட்டம், மூன்று வருடத்துக்கு மேல் அனுபவம். அந்த அரை பேண்டால், அதாவது அரை மதிப்பெண்ணால், போனது 58 புள்ளி: லிசனிங்கில் நேரடியாக 8, மொழியோடு சேர்த்துப் படிப்புக்கும் அனுபவத்துக்கும் கிடைக்கும் புள்ளிகளில் 50.

என்ன நடந்தது என்று உட்கார்ந்து பேசினோம். ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஓடும். பேசுகிறவர் முதலில் செவ்வாய் என்பார், அடுத்த மூச்சிலேயே இல்லை வியாழன் என்று மாற்றுவார். இவள் செவ்வாயை எழுதி, அதை அடித்துத் திருத்துவதற்குள் அடுத்த இரண்டு கேள்வி ஓடிவிட்டது. ஒன்றை விட்டால் விட்டதுதான், அடுத்ததற்குப் போய்விட வேண்டும். எழுத்துப்பிழை இருந்தாலும், பன்மைக்கு வர வேண்டிய 'எஸ்' விட்டுப்போனாலும் அந்த விடைக்கு மதிப்பெண் இல்லை. இரண்டாம் தடவைக்கு மூன்று வாரம், தினம் ஒரு மாதிரித் தேர்வு எழுதினாள். 8.5 வந்தது.

ரைட்டிங்கில் ஆபீஸ் மெயில் பழக்கம் காலை வாரும். ஒரு மணி நேரத்தில் 150 வார்த்தைக்குக் குறையாமல் ஒரு கடிதம், 250-க்குக் குறையாமல் ஒரு கட்டுரை. புல்லட் பாயின்ட் வைத்துத் துண்டு துண்டாக எழுதக் கூடாது, பத்தியாக எழுதுங்கள்.

அப்புறம் பெயர். நம் ஆட்களுக்கே உரிய தொல்லை இது. இனிஷியல் போட்டே வளர்ந்தவர்கள் நாம். பாஸ்போர்ட்டில் சிலருக்கு அப்பா பெயர் சர்நேம் ஆகியிருக்கும், சிலருக்கு அந்தக் கட்டமே காலி. பதிவு செய்யும்போது ஆதாரையோ மார்க்‌ஷீட்டையோ பார்க்காதீர்கள். பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அதில் உள்ளபடியே அடியுங்கள். தேர்வன்றும் அதே பாஸ்போர்ட், அசல்தான் வேண்டும்.

முடிவு 2 வருடம் செல்லும். அதனால் மற்ற காகிதங்கள் எப்போது கைக்கு வரும் என்று பார்த்துக்கொண்டு தேதி போடுங்கள். கட்டணம் 16,000 ரூபாய்க்கு மேல், தாமதமாகப் போனால் உள்ளே விட மாட்டார்கள். சில்க் போர்டு டிராஃபிக்கைத் தாண்டிப் போக வேண்டிய மையம் என்றால், முந்தின வாரமே அதே கிழமை அதே நேரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.