காதுகேளாதோருக்கு மனநல உதவி: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயிற்சிக்கு வரும் இளம் உளவியலாளர்கள், மனநல மருத்துவர்கள், சமூகப் பணியாளர்கள் எழுதும் கேஸ் ஷீட்டுகளைப் படித்துப் பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. காதுகேளாத ஒருவரைப் பற்றிய குறிப்பு என்றால் கொஞ்சம் நின்று படிப்பேன். நாங்கள் வேலைக்கு வந்த புதிதில் செய்த அதே பிழைகள் வரி மாறாமல் திரும்ப வருகின்றன. முகம் பார்த்துப் பேசுங்கள், கத்தாதீர்கள், வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி உட்காருங்கள் என்பதெல்லாம் எந்தக் கையேட்டிலும் இருக்கும். அவற்றை விட்டுவிடுகிறேன். நல்ல மனதும் நல்ல படிப்பும் உள்ளவர்களே செய்கிற தவறுகள்தான் என் கவலை.

வீட்டாரை மொழிபெயர்க்கச் சொல்வது

வேண்டாம். யார் அடிக்கிறார்கள் என்பதை அடிப்பவரே மொழிபெயர்க்க மாட்டார். பிள்ளைகளை உட்காரவைப்பது இன்னும் மோசம். செத்துவிடலாம் போலிருக்கிறது என்று அம்மா சொல்வதை ஒரு குழந்தை தன் வாயால் டாக்டரிடம் சொல்லும் நிலை வரவே கூடாது.

எழுதிக் காட்டினால் போதும் என்று நினைப்பது

சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. வில்லியம் ஸ்டோக்கீ 1960-இல் அமெரிக்கச் சைகை மொழியை ஆராய்ந்து இதை எழுதினார். சைகையிலேயே வளர்ந்த பலருக்கு எழுத்து மொழி இரண்டாவது மொழிதான். வேற்றுமை உருபு விடுபட்டு, சொற்கள் முன்பின்னாக ஒரு சீட்டு வந்தால், “சிந்தனைக் குழப்பம்” என்று குறித்துவிடாதீர்கள். உதட்டசைவை நம்புவதும் இப்படித்தான். “படம்”, “மடம்” இரண்டையும் கண்ணாடி முன் நின்று ஒலியில்லாமல் சொல்லிப் பாருங்கள். வித்தியாசமே தெரியாது. அவர் தலையாட்டுகிறார் என்றால், “சரி, மேலே சொல்லுங்கள்” என்பதற்காகவும் இருக்கலாம். அதைச் சம்மதக் கையெழுத்தாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மொழிபெயர்ப்பாளரைக் குழாயாக நினைப்பது

இதை எத்தனை வகுப்பில் சொன்னாலும் மறுபடி நடக்கிறது, ஒவ்வொரு முறையும் எனக்கு எரிச்சல் வருகிறது. சைகை மொழிபெயர்ப்பாளர் வருகிறார், உட்காருகிறார், நேரம் முடிந்ததும் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புகிறார். முன்னால் அவரிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, பின்னால் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. இந்தப் பக்கம் சைகையை ஊற்றினால் அந்தப் பக்கம் பேச்சாக வரும் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மனநிலைப் பரிசோதனையில் ஒருவர் என்ன சொல்கிறார் என்பதற்குச் சமமாக, எப்படிச் சொல்கிறார் என்பதையும் எடைபோடுகிறோம். பேச்சு கோவையாக வருகிறதா, இடையில் அறுகிறதா, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறதா என்று காதால் கேட்டுத்தான் முடிவுக்கு வருகிறோம். நடுவில் மொழிபெயர்ப்பாளர் இருந்தால் நாம் கேட்பது அவருடைய வாக்கியத்தை. கலைந்து வருவதைக் கேட்பவருக்குப் புரியும்படி சேர்த்துச் சொல்வதுதான் அவர் கற்ற தொழில். அதை அவர் நன்றாகச் செய்யச் செய்ய, நாம் பார்க்க வேண்டியது மறைந்துபோகிறது.

ஓர் இளைஞரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பிறவியிலேயே காது கேளாதவர், வீட்டில் மற்ற எல்லோருக்கும் கேட்கும். இது அபூர்வம் இல்லை. காதுகேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் காது கேட்கும் பெற்றோருக்குத்தான் பிறக்கிறார்கள். 1880-இல் மிலானில் கூடிய ஆசிரியர்கள் மாநாடு பேச்சுவழிக் கல்வியே மேல் என்று தீர்மானம் போட்டதிலிருந்து, பல நாடுகளின் பள்ளிகளில் சைகை நெடுங்காலம் ஒதுக்கிவைக்கப்பட்டது. அதன் மிச்சம் இன்னும் இருக்கிறது. இவருக்கும் வளர்ந்த பிறகுதான் சைகை மொழி கண்ணில் பட்டது. அதுவரை வீட்டுக்குள் மட்டும் புரியும் சில சைகைகள். முழுதாக ஒரு மொழி கிடைக்காமலே வளர்ந்தவர்.

முதலில் போன இடத்தில் அவர் சைகை செய்தது ஏறக்குறைய இப்படி: முதலாளி, பணம், போ, அடி, அடி, நேற்று, நாளை, போலீஸ், அடி. அனுபவமுள்ள மொழிபெயர்ப்பாளர் அதை, “முதலாளி சம்பளம் தரவில்லை, அடித்துத் துரத்திவிட்டார், போலீசுக்குப் போகப்போகிறேன்” என்று சொன்னார். கேஸ் ஷீட்டில் “பேச்சு கோவையாக உள்ளது, கோபம் அதிகம்” என்று ஏறியது. கோபத்தைக் கட்டுப்படுத்த ஆலோசனை சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் இன்னொரு இடம். அங்கே வந்தவர் ஒவ்வொரு சைகையையும் தனித்தனியாகச் சொன்னார். அதே மனிதர், அதே கைகள். இப்போது குறிப்பு: “சிந்தனைத் தொடர்பு அறுந்துள்ளது.” மனச்சிதைவு என்று முடிவாகி, மருந்து தொடங்கியது. சில வாரங்களில் முகம் இறுகியது, கைகள் மெதுவாகி நடுங்கின. அந்த வகை மருந்துகளுக்குத் தெரிந்த பக்கவிளைவுதான். ஆனால் சைகை மொழியில் கேள்வியா, மறுப்பா, கொஞ்சமா, ரொம்பவா என்பதில் பெரும்பகுதி புருவத்திலும் கன்னத்திலும் வாயிலும் இருக்கிறது. முகம் இறுகினால் பாதி இலக்கணம் போய்விடுகிறது. அதைப் பார்த்து “உணர்ச்சி மழுங்கல், நிலை மோசமாகிறது” என்று எழுதி மருந்தின் அளவைக் கூட்டினார்கள். இரண்டு மொழிபெயர்ப்பாளர்களில் எவரிடமும் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இருவருமே சொல்லியிருப்பார்கள்: “இவருக்கு மொழியே பாதிதான் இருக்கிறது.”

எங்களிடம் வந்தபோது, காது கேட்கும் மொழிபெயர்ப்பாளரோடு காதுகேளாத மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் உட்கார்ந்தார். சைகையையே தாய்மொழியாகக் கொண்டவர். வீட்டுச் சைகைகளை அவரால் ஊகிக்க முடிந்தது. ஒரு தாளில் கட்டங்கள் வரைந்து, ஒரு கட்டத்துக்கு ஒரு நாள் என்று காட்டினார். இளைஞர் ஒரு கட்டத்தில் விரலை வைத்து அடியைக் காட்டினார், அடுத்த கட்டத்தில் பணத்தைக் காட்டினார், மூன்றாவதில் விரலை வைத்துக்கொண்டு அழுதார். அவர் சொல்லவந்தது அன்றுதான் முதல்முறையாக வரிசையாக வந்தது. அக்காவின் போனில் பழைய வீடியோ ஒன்று இருந்தது, இந்தச் சம்பவத்துக்கெல்லாம் முந்தையது. அதிலும் இதே போலத்தான் சைகை செய்திருந்தார். புதிதாக எதுவும் உடையவில்லை. அடியும் அவமானமும் தந்த அதிர்ச்சிக்குத்தான் அவருக்கு வைத்தியம் தேவைப்பட்டது. மனநல மருத்துவர் மருந்தைப் படிப்படியாகக் குறைத்தார், முகம் திரும்ப அசையத் தொடங்கியது.

இதைக் கேட்டுவிட்டு எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடவும் வேண்டாம். மொழி கிடைக்காமல் வளர்ந்தவருக்கும் மனச்சிதைவு வரலாம். இரண்டையும் பிரித்தறிவதைப் பற்றி நீல் கிளிக்மன் போன்ற உளவியலாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது மாற்றத்தை: முன்பு இருந்த மொழியிலிருந்து இப்போது எவ்வளவு விலகியிருக்கிறது? வீட்டாரை நான் அருகில் கூப்பிடுவது இதற்காக மட்டும்தான். அப்புறம், இலக்கணம் உடைந்திருந்தாலும் சொல்லவரும் விஷயம் உலகத்தில் நடக்கக்கூடியதுதானா? ஆளில்லாத இடத்தைப் பார்த்துச் சைகை செய்கிறாரா?

சரி, செய்ய வேண்டியது என்ன? மொழிபெயர்ப்பாளரைக் கொஞ்சம் முன்னதாக வரச்சொல்லுங்கள். இன்று எதற்காகச் சந்திக்கிறோம், எந்தக் கேள்விகள் வரும், தற்கொலை எண்ணத்தைப் பற்றிக் கேட்கப்போகிறோமா என்று சொல்லிவிடுங்கள். “புரியாததை நிரப்பிச் சொன்னால், நிரப்பினேன் என்று சொல்லுங்கள்” என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர் உங்கள் பக்கத்தில் உட்காரட்டும். வந்தவருக்கு இருவர் முகமும் ஒரே பார்வையில் தெரியும். வழக்கமான நேரத்தைப் போல இரு மடங்கு ஒதுக்குங்கள். முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள்: மொழி முழுமையாக இருந்ததா? எங்கே நீங்கள் சேர்த்துச் சொன்னீர்கள்? போன முறைக்கும் இந்த முறைக்கும் என்ன வேறுபாடு? நோயின் பெயரை மட்டும் அவரிடம் கேட்காதீர்கள். அது உங்கள் வேலை.

மொழிபெயர்ப்பாளரும் மனிதர்தான். ராபின் டீனும் ராபர்ட் பொலார்டும் 2001-இல், அந்த வேலையின் சுமை சொற்களில் மட்டும் இல்லை, சூழலிலும் உடனிருப்பவர்களிடமும் அவருக்குள்ளும் இருக்கிறது என்று எழுதினார்கள். மொழிபெயர்ப்பாளர் தன்மையில்தான் பேசுகிறார். “என்னை அவன் கெடுத்தான்”, “நான் சாகணும்” என்பதையெல்லாம் “நான்” என்று அவர் வாயால் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறார். கடைசியில் இரண்டு நிமிடம் “உங்களுக்குப் பரவாயில்லையா?” என்று கேட்டால், அடுத்த முறையும் அவரே வருவார். அதே முகம் திரும்ப வருவது நோயாளிக்கும் நல்லது.

“குரல் கேட்கிறதா?” என்று அப்படியே கேட்பது

ஆளில்லாமல் கேட்கும் குரலைப் பற்றித்தான் நாம் விசாரிக்கிறோம். ஆனால் காதுகருவி போட்டவர் “கேட்கிறது” என்பார், காதில் இரைச்சல் உள்ளவரும் “கேட்கிறது” என்பார். 2007-இல் ஜோவானா அட்கின்சனும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், பிறவியிலேயே ஒலியை அறியாதவர்கள் தங்கள் “குரல்களை” உதடு அசைவது போலவோ கை சைகை செய்வது போலவோ உணர்வதாகத் தெரிந்தது. யாராவது உங்களுக்குச் செய்தி அனுப்புவது போலிருக்கிறதா, யார், எப்படி, பக்கத்தில் ஆள் இல்லாதபோதும் வருகிறதா என்று விரித்துக் கேளுங்கள்.

வேகமான சைகையை மனக்கிளர்ச்சி என்று எழுதுவது

மேசையைத் தட்டுவதும் தரையை மிதிப்பதும் உங்களைக் கூப்பிடுவதற்கு.

நோயாளியின் கையைக் கட்டிப்போடுவது

அது அவருடைய பேச்சையே பறிப்பது. டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருந்தாலும் எந்தக் கையில் என்று அவரைக் கேட்டுவிட்டு ஏற்றுங்கள்.

கேள்வித்தாளை நீட்டுவது

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 படிவத்தில், செய்தித்தாள் படிப்பதிலும் தொலைக்காட்சி பார்ப்பதிலும் கவனம் நிற்கிறதா என்று ஒரு கேள்வி. அசைவோ பேச்சோ மெதுவாகிவிட்டதா என்று இன்னொன்று. வசன வரிகள் இல்லாத தொலைக்காட்சியை அவர் எப்போதுமே முழுதாகப் பார்த்ததில்லை. இந்தப் படிவத்தைப் பிரிட்டிஷ் சைகை மொழியில் வீடியோவாக ஆக்கி, காதுகேளாதோரிடமே சோதித்து, 2013-இல் வெளியிட்டார்கள். உங்கள் சைகை மொழியில் அப்படி ஒன்று இல்லாவிட்டால், மதிப்பெண்ணைப் பேச்சைத் தொடங்குவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

உதவி எண்ணைக் கொடுத்து அனுப்புவது

அவரால் பேச முடியாத எண் அது. குறுஞ்செய்தியோ வீடியோ அழைப்போ உள்ள வழியைத் தேடிக் கொடுங்கள்.

ரகசியத்தைப் பற்றி ஒரே வரியில் சொல்லி முடிப்பது

காதுகேளாதோர் சமூகம் சிறியது. மொழிபெயர்ப்பாளர் அவருடைய நண்பரின் திருமணத்தில் மேடை ஏறியவராக இருக்கலாம், முன்னாள் காதலியின் அண்ணனாகவும் இருக்கலாம். ஆளை ஏற்பாடு செய்வதற்கு முன்பே, யார் வந்தால் சரி, யார் வரக்கூடாது என்று அவரிடம் கேளுங்கள். தேவைப்பட்டால் தொலைவில் இருக்கும் ஒருவரை வீடியோவில் அழையுங்கள். காத்திருக்கும் இடத்தில் சைகையில் பேசினால் அறை முழுக்கப் படிக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். கண்ணாடிக் கதவுக்குத் திரை வேண்டும்.

காதுகேளாத சக ஊழியரை ஓரத்தில் வைப்பது

இது புதியவர்களைவிட நிர்வாகங்கள் செய்யும் தவறு. ஆனால் புதியவர்கள் அதைப் பார்த்துத்தான் பழகுகிறார்கள். காதுகேளாத ஆலோசகர் ஒருவரைக் குழுவில் சேர்ப்பார்கள். பிறகு குழுக் கூட்டத்தை மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் நடத்துவார்கள், கடைசியில் அவருக்கு ஒரு பக்கக் குறிப்பை நீட்டுவார்கள். நோயாளியின் ஒரு முகச்சுளிப்பு சைகையின் இலக்கணமா வலியா என்று அந்த அறையில் உடனே சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். முடிவெடுக்கும் அந்தக் கூட்டத்துக்கே மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யுங்கள். ஒருவர் பேசி முடித்த பிறகு அடுத்தவர் பேசட்டும். ஸ்கேனையோ குறிப்பையோ காட்டும்போது, அவர் பார்த்து முடித்து நிமிரும்வரை பேசாமலிருங்கள். அவர் சொன்ன கருத்து கேஸ் ஷீட்டில் அவர் பெயரிலேயே ஏறட்டும்.